ரீலைக் கேட்காமல் ராடு வாங்காதீர்கள்

சென்னைக் கடற்கரையிலும் தனுஷ்கோடி மணல்திட்டிலும் முட்டத்துப் பாறைகளிலும், படகில்லாமல் கரையில் நின்றே தூண்டில் வீசுகிறவர்களை இன்று சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ராடுக்கு அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல். வீசும்போது ஸ்பூல் சுழலாமல் அசையாது நிற்கும் வகை அது. ஆனால் ராடு வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “பன்னிரண்டு அடி இருக்கா, பதினாலு அடி இருக்கா?” என்பது. அடுத்த கேள்வி விலை. மூன்றாவது, கார்பனா கண்ணாடி இழையா. மூன்றுக்கும் மனம்போலப் பதில் கிடைத்த பிறகும் வாங்கிய ராடு உதவாததாக இருக்கலாம். என் கட்சி இதுதான்: நீளமும் விலையும் பொருளும் பிறகு வரட்டும், எந்த ரீல், எத்தனை கிராம் ஈயம் என்ற இரண்டும் முடிவான பிறகே ராடைத் தொட வேண்டும். நீளம் கடைசியில் பார்க்க வேண்டிய கணக்கு.

இதற்குக் காரணம் ரீலின் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை முதலாளி ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைக் கண்டுகளில் நூல், கண்டு சுழலாமலே அதன் நுனி வழியாகக் கழன்று வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். சுழல வேண்டியது எதுவும் இல்லாததால் இலேசான எடையையும் எளிதாக வீசலாம். தூண்டில் நரம்பு சிக்கிக் கூடுகட்டும் தொல்லையும் குறைவு. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி வரும் நரம்பு நேர்கோட்டில் வருவதில்லை. ஸ்பூலின் அகலத்துக்குச் சுருள் சுருளாக விரிந்து வருகிறது. பெரிய சர்ஃப் ரீலில் ஒவ்வொரு சுருளும் உள்ளங்கை அகலத்துக்கு நெருங்கிவிடும். அந்தச் சுருளை ஒடுக்கி நேர்கோடாக்கி நுனிக்கு அனுப்பும் வேலை முதல் வளையத்தின் தலையில் விழுகிறது. அந்த வளையம் சிறியதாகவோ, ரீலுக்கு மிக அருகிலோ, கோலோடு ஒட்டித் தாழ்ந்தோ இருந்தால் சுருள்கள் அதன் விளிம்பிலும் கோலிலும் அடித்து அடித்தே வேகத்தை இழக்கும். தோளின் முழு பலத்தையும் கொடுத்து வீசியது பாதி வழியில் உராய்வாகக் கரைந்துபோகும்.

மல்டிபிளையர் ரீலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதில் ஸ்பூல் சுழன்று நரம்பை நேராகவே விடுகிறது. அதனால் அதற்கான ராடில் வளையங்கள் சிறியவை, எண்ணிக்கையும் அதிகம். ரீல் கோலின் மேல் உட்காருவதால், ராடு வளையும்போது நரம்பு கோலின்மேல் உரசாமல் இருக்க நெருக்கமான வளையங்கள் தேவைப்படுகின்றன. ஸ்பின்னிங் ரீல் அடியில் தொங்குகிறது. வளைவில் நரம்பு கோலைவிட்டு விலகித்தான் நிற்கும். ஆகவே குறைந்த வளையங்கள் போதும். ஆனால் முதலாவது பெரியதாக, 40 மில்லிமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ, உயர்ந்த காலோடு, ரீலிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அங்கிருந்து நுனிவரை அளவு படிப்படியாகச் சிறுக்க வேண்டும். இதைச் சோதிக்கச் சொந்த ரீலைக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது. ரீலை மாட்டி, அதன் பின்பக்கம் கண்ணை வைத்து ஸ்பூலின் அச்சு நீளும் திசையில் பாருங்கள். அந்தக் கற்பனைக் கோடு முதல் வளையத்தின் நடுவே நுழைந்து, கோலின் மேற்பகுதியில் எங்கோ ஓரிடத்தில் அதைத் தொட வேண்டும். முதல் வளையத்துக்கு வெளியே கோடு ஓடினால் அந்த ராடும் அந்த ரீலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கையோடு ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ, அங்கே பீங்கான் உள்வளையத்தில் கீறல் இருக்கிறது. நாளை நரம்பை அறுக்கப்போவது அதுதான்.

அடுத்தது எடை. ராடின் அடிப்பகுதியில் 100-200, 100-250 என்று கிராமில் ஒரு குறிப்பு இருக்கும். பெரிய எண் உள்ளதை வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது பரவலான எண்ணம். ஆகாது. 250 கிராமுக்குக் கட்டிய கோலில் 80 கிராம் ஈயத்தை மாட்டினால் நுனி மட்டும் தலையாட்டும், நடுப்பகுதி வளையாது. வளையாத கோல் எதையும் எறியாது, ஏனென்றால் வீச்சின் ஆற்றல் முதலில் கோலின் வளைவில் சேர்ந்து பிறகுதான் ஈயத்துக்குப் போகிறது. ஈயம் 110 கிராம், இறாலோ மத்தித் துண்டோ 40 கிராம் என்றால் ராடு சுமப்பது 150 கிராம். அதற்கு 100-200 என்ற குறிப்புள்ள கோல் பொருந்தும். ஸ்பின்னிங் ரீலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மல்டிபிளையரில் கட்டைவிரல் ஸ்பூலை அழுத்திப் பிடிக்கும். இங்கே நரம்பைச் சுற்றும் கம்பியான பெயிலைத் திறந்தபின் வீச்சின் இழுப்பு முழுவதையும் ஆள்காட்டி விரலின் ஒரே கணு தாங்குகிறது. ஒரு அவுன்சு ஈயத்துக்கு 10 பவுண்டு வலு என்ற கணக்கில், வீச்சின் இழுப்பைத் தாங்கும் முன்நரம்பு (ஷாக் லீடர்) கட்ட வேண்டும் என்பது கரைத் தூண்டில்காரர்கள் உலகெங்கும் பின்பற்றும் விதி. 4 அவுன்சுக்கு, அதாவது 113 கிராமுக்கு, 40 பவுண்டு நரம்பு. அவ்வளவு வலுவை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டிய வீச்சு அது. விறைத்த கோலை வளைக்க உடம்பு கூடுதலாக முறுக்கும்போது அந்தக் கூடுதலும் அதே விரலில்தான் இறங்கும். விரல் அறுபட்டால் போகட்டும். நரம்பு அறுந்து பறக்கும் ஈயம், ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசலில் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது.

நீளம் கூடினால் தூரம் கூடுமே என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி ராடு 366 சென்டிமீட்டர். ரீல், அடியிலிருந்து 75 சென்டிமீட்டரில் இருந்தால் அதற்கு மேலே 291. இரண்டு கைகளுக்கும் உள்ள இடைவெளியைப்போல் இது கிட்டத்தட்ட நாலு மடங்கு. 14 அடியில் அதே கணக்கு 4.7 மடங்காகிறது. கை அதே வேகத்தில் அசைந்தால் நுனியின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மை. அதே ஈயத்தை இழுக்கக் கை கொடுக்க வேண்டிய விசையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. அந்த விசையைக் கொடுக்கும் உடம்புக்கு 14 அடி லாபம். மற்றவர்களுக்குக் கை மந்தமாகி, கிடைத்த லாபம் கழிந்துவிடும். நீண்ட ராடு, நரம்பை அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் என்பது நியாயமான வாதம். ஆனால் வீசிய பிறகு ராடு நிற்பது கையில் அல்ல, ஸ்டாண்டில். இரண்டடி கூடுதல் உயரமான பிவிசி குழாயை மணலில் ஊன்றினால் அந்த உயரம் கிடைத்துவிடும்.

தூரமே எவ்வளவு தேவை என்பதையும் கேட்க வேண்டும். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 12 மீட்டரைத் தாண்டும். நீர் வெகுதூரம் உள்வாங்கும் அந்தத் தட்டைக் கரைகளில் தூர வீச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. சென்னையில் பெரும் ஓத நாளிலும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். கிழக்குக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரிந்து இறங்குகிறது. அலை காலடியிலேயே உடைகிறது. அலை உழுத பள்ளத்தில் புழுவையும் சிறு இறாலையும் பொறுக்கித் தின்னும் கிழங்கானுக்கு 100 மீட்டர் வீச்சு தேவையே இல்லை. வீசினால் அதைத் தாண்டித்தான் விழும். பாறை மீனும் காலா மீனும் இரைமீனைத் துரத்திக்கொண்டு அதே பள்ளம்வரை வருகின்றன. நம் கரையில் தூரத்தைவிடப் பெரிய சிக்கல், பருவத்துக்கு ஏற்பத் திசை மாறிக் கரையோரமாக ஓடும் நீரோட்டம். அது ஈயத்தை உருட்டிக்கொண்டு போகும். அதற்கும் கனமான ராடு மருந்தில்லை. மணலைப் பற்றிக்கொள்ளும் கம்பிக்கால் ஈயம் அதே எடையில் நின்று பிடிக்கும்.

மடக்கும் ராடு பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்திலும் பைக்கிலும் எடுத்துப்போக அதுதான் வசதி என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மலிவான மடக்கு ராடில் வளையம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நரம்பின் போக்கு தீர்மானிப்பதில்லை. குழாய்களின் இணைப்பு தீர்மானிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும் என்பதற்காக வளையங்களும் தாழ்வாக, சிறியதாக இருக்கும். இணைப்புக்குள் புகும் மணல் வேறு. இத்தாலி போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளில் உயரமான வளையங்களோடு நல்ல மடக்கு ராடுகள் உண்டு. அவை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கிடைக்காதபோது மூன்று துண்டு ராடே சமரசம். 4.2 மீட்டர் ராடுகூட 1.4 மீட்டர் துண்டுகளாகப் பைக்குள் அடங்கிவிடும். வளையங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

பெரிய முதல் வளையம் வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு பிரெய்டு நூல் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வருகிறது. மெலிந்த, துவண்ட பிரெய்டு நைலான் அளவுக்கு விறைத்துச் சுருள்வதில்லை; அதற்குப் பெரிய வளையம் எதற்கு என்கிறார்கள். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் பிரெய்டை மனத்தில் வைத்தே லோரைடர், கே வகை வளையங்களைச் செய்திருக்கிறது. கே வகையில் சாய்ந்த கால் சிக்கிய நூலை வழுக்கிவிடுகிறது. ஆனால் அவற்றிலும் இடம் துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது; சிறிய வளையம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவை சொல்லவில்லை. தவிர, பிரெய்டோடு கட்டிய முன்நரம்பின் முடிச்சு முழு வேகத்தில் எல்லா வளையங்களையும் கடந்தாக வேண்டும். ராயபுரம் பக்கத்துக் கருங்கல் தடுப்புகள் போன்ற இடங்களில் பாறையில் உரசித் தாங்குவது தடித்த நைலான்தான். நைலான் வீசுகிற நாள் ஒன்று உண்டென்றாலே பெரிய முதல் வளையம் தேவைதான்.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்கான நுணுக்கம் என்பது கடைசி மறுப்பு. நேர்மாறானது என்பேன். உயர்ரகக் கார்பன் இலேசானது, விரைவாக நிமிர்வது. ஆனால் கல்லில் ஒருமுறை இடித்தாலே விரிசல் விடக்கூடும். கண்ணாடி இழை கலந்த நடுத்தர ராடு, சரியான வளையங்களோடு கிடைத்தால், தொடங்குகிறவருக்கு அதுவே போதும். நுனி வளையத்தைக் கட்டுவதற்கோ வேறு வளையத்தை இடம் மாற்றுவதற்கோ ஆகும் செலவு புது ராடின் விலையில் சிறு பங்குதான். வரிசை மாறாமல் இருந்தால் போதும்: முதலில் எந்தக் கரை, எந்த மீன், அதிலிருந்து ஈயத்தின் எடை, அதற்கேற்ற ரீல், அந்த ரீலின் அச்சுக்குப் பொருந்தும் வளையங்கள், பிறகு உங்கள் தோளுக்கு ஏற்ற நீளம். முதல் நாலுக்கும் பதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போகிறவரிடம் 14 அடி ராடை விற்பது கடைக்காரருக்குச் சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும்.