வால்வு வெச்சும் மறுபடி மூச்சு வாங்குது, இன்னொரு தடவை வைக்கலாமா?

போன வாரம் ஓ.பி. முடியுற நேரம். மயிலாப்பூர்ல இருந்து ஒருத்தர் அப்பாவோட ஃபைலைத் தூக்கிட்டு வந்தார். அப்பாவுக்கு எம்பைசிமா. மூணு வருஷம் முன்னாடி தனியார்ல நுரையீரல்ல வால்வு வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் லஸ் கார்னர்ல இருந்து கபாலி கோயில் குளம் வரை நடந்தவர், இப்ப பாத்ரூம் போயிட்டு வந்தாலே உட்கார்ந்துடறாராம்.

"அம்மா நகையை வெச்சாவது இன்னொரு தடவை பண்ணிடலாமா டாக்டர்?"

நான் நுரையீரல் நிபுணர் இல்லைங்க, எம்.பி.பி.எஸ். தான். ஆனா நகை அடகுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

எம்பைசிமாவுல நுரையீரல் சவ்வு இழுவை போன பழைய பலூன் மாதிரி ஆயிடும். உள்ளே போன காத்து முழுசா வெளியே வராது. வீங்கின பகுதி, நல்லா இருக்கற பகுதியையும் உதரவிதானத்தையும் நெருக்கும். அந்த வீங்கின பகுதியை வெட்டி எடுக்கறது ஆபரேஷன். ஒருவழி வால்வு வெச்சு அதைச் சுருங்க வைக்கறது இன்னொரு வழி. ரெண்டும் இடம் பண்ணிக் கொடுக்குமே தவிர நோயை நிறுத்தாது.

அமெரிக்காவுல 1218 பேரை வெச்சு இந்த ஆபரேஷனைச் சோதிச்சு 2003-ல முடிவு வெளியிட்டாங்க. மேல் மடல்ல அதிக பாதிப்பும், பயிற்சிக்குப் பிறகும் குறைவான நடைத்திறனும் இருந்தவங்களுக்குத்தான் ஆயுள் கூடுச்சு. கவனிங்க: புகையை விட்டு, மூச்சுப் பயிற்சியும் முடிச்சவங்களைத்தான் சேர்த்தாங்க. வால்வும் சின்ன விஷயம் இல்ல. 2018-ல வந்த ஆய்வுல வால்வு வெச்சவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு நுரையீரலைச் சுத்தி காத்து கசிஞ்சது. வால்வு வெச்ச பிறகு திடீர்னு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தா உடனே 108.

சரி, ரெண்டாவது தடவை? முதல்ல கேட்க வேண்டியது, "முதல் தடவை ஏன் பலன் போச்சு?" வால்வு நகர்ந்திருக்கலாம், சுத்தி சதை வளர்ந்திருக்கலாம். சி.டி.யும் பிராங்கோஸ்கோப்பியும் பார்த்து அதை மாத்தினா சிலருக்குத் திரும்பப் பலன் கிடைக்கும். ஆனா நோயே மிச்ச நுரையீரலுக்கும் பரவியிருந்தா, புது வால்வு வெக்க இடமே இருக்காது. இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாம தேதி குடுக்கற இடத்துல, என்னைக் கேட்டா, கையெழுத்துப் போடாதீங்க.

நான் கேட்டேன், "அப்பா பீடியை விட்டுட்டாரா?"

"குறைச்சிட்டார் டாக்டர்."

"மூச்சுப் பயிற்சி?"

"அப்படின்னா?"

மூணு வருஷமா ஒருத்தரும் சொல்லலையாம். எனக்குக் கோபம் அங்கதான் வந்துச்சு. லட்சக்கணக்குல வால்வு, ஆனா பைசா செலவில்லாத நடைப்பயிற்சியைச் சொல்ல ஆள் இல்ல! இன்ஹேலரை உறிஞ்சிக் காட்டச் சொன்னா, மருந்தெல்லாம் நாக்குலயே போயிடும்னு பந்தயமே கட்டலாம்.

புகையை விட 1800-11-2356, இலவசம். சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜி.எச்.லயும் தாம்பரம் சானடோரியத்துலயும் நுரையீரல் நிபுணர்கள் இருக்காங்க. ரெண்டாவது கருத்து அங்க கேளுங்க.

அவர்கிட்ட சொல்லி அனுப்பினது இவ்வளவுதான்: வியாழக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. பழைய சி.டி. படத்தையும் இன்ஹேலரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. நகை வீட்டுலயே இருக்கட்டும்.