ஊதிய விசிலும் ஊதாத விசிலும்: கூடைப்பந்து நடுவர்களின் சுயமதிப்பீடு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆட்டம் முடிந்ததும் இரண்டு கோச்களும் கைகொடுத்துவிட்டுப் போனால் நன்றாக ஊதினோம் என்று நம்புகிறோம். ஒருவர் கத்திவிட்டுப் போனால் அன்றிரவு தூக்கம் கெடுகிறது. நடுவர்களிடையே ஊறிப்போன இந்த அளவுகோலை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. இரு அணிக்கும் ஃபவுல் எண்ணிக்கை சமமாக வந்ததா என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து ஆறுதல் அடைவதையும் ஏற்கவில்லை. ஓர் அணி கூடைக்கடியில் புகுந்து ஆடுகிறது, மற்றது தூரத்திலிருந்தே ஷூட் செய்கிறது என்றால் எண்ணிக்கை சமமாக வரவேண்டிய தேவையே இல்லை.

நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: மோதலை அதன் தொடக்கத்திலிருந்து பார்த்தேனா?

லே-அப்புக்கு ஒருவர் பாய்ந்து வருகிறார். டிஃபென்ஸ் ஆட்டக்காரர் முன்னதாகவே இரு காலையும் ஊன்றி, அவரை எதிர்கொண்டு நின்று, கைகளைத் தூக்கியபடி நேராக மேலே எழும்புகிறார். உடல்கள் மோதுகின்றன, கூட்டம் அலறுகிறது, விசில் டிஃபென்ஸ் மீது போகிறது. தன் தலைக்கு மேலுள்ள இடம் அவருக்கே உரியது என்ற விதி ஊதியவருக்கும் தெரியும். ஆனால் அவர் கண் பந்தோடு ஓடியது. டிஃபென்ஸ் எங்கே, எப்போது நின்றது என்பதை அவர் பார்க்கவில்லை. மோதலின் முடிவை மட்டுமே பார்த்தார். நம் பிழைகளில் பெரும்பாலானவை விதிப்புத்தகத்தில் இல்லை, கால் வைத்த இடத்திலும் கண் போன திசையிலும் இருக்கின்றன. ஆகவே, ஆட்டக்காரரின் முதுகு மறைத்த கோணத்தில் நின்று ஊகித்து ஊதிய ஃபவுல் வீடியோவில் சரியாகவே தெரிந்தாலும், அதைத் தவறென்றே நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊதாததும் கணக்கில் வரவேண்டும். உடல் பட்டதெல்லாம் ஃபவுல் அல்ல. பட்டதால் ஆட்டக்காரரின் வேகமோ சமநிலையோ குலைந்ததா என்பதே கேள்வி. என்பிஏ 2015 முதல் வெளியிடும் கடைசி இரண்டு நிமிட அறிக்கை, சரியாக ஊதியது, தவறாக ஊதியது, சரியாக விட்டது, தவறாக விட்டது என்று நான்காகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் என்ற வரம்பை ஏற்கமாட்டோம். முதல் குவார்ட்டரில் தவறாக விழும் இரண்டாவது ஃபவுல் ஒரு நல்ல சென்டரை பெஞ்சில் உட்காரவைத்துவிடும். ஃபிபா விதியில் அவருக்கு இருப்பது மொத்தம் ஐந்துதான்.

தன்னைத் தானே பார்ப்பது மட்டும் போதாது. ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1991 முதல் 2004 வரையிலான என்பிஏ ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். நடுவர் குழுவின் நிறமும் ஆட்டக்காரரின் நிறமும் வேறுபட்டபோது ஃபவுல் சிறிதளவு கூடியது தெரிந்தது. எந்த நடுவரும் தன்னிடம் அப்படியொரு சாய்வு இருப்பதாக நினைத்திருக்கமாட்டார். 2007-இல் அது செய்தியாகிப் பரவலாகப் பேசப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளை அதே இருவரும் டெவின் போப் என்ற இன்னொரு பொருளியலாளரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு காணப்படவில்லை. பிறர் காட்டினால் நடுவரின் கண் திருந்தும் என்று நாங்கள் நம்புவதற்கு இதுவே காரணம்.

எனவே எங்கள் உறுப்பினர்கள், ஆட்டம் முடிந்த அன்றே, வீடியோ பார்க்கும் முன், மனதை உறுத்தும் ஐந்து முடிவுகளையும் அப்போது தாங்கள் நின்ற இடத்தையும் எழுதிவைக்க வேண்டும். பிறகு அந்த ஆட்டத்தில் ஊதாத சக நடுவர் ஒருவரோடு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்புகளை வைத்து யாரையும் பொதுவில் குறை சொல்ல விடமாட்டோம்.

போட்டி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். என்பிஏவுக்கு நியூ ஜெர்சியின் செகாக்கஸில் ரீப்ளே மையம் இருக்கிறது. நாங்கள் கேட்பது நடுக்கோட்டுக்கு நேராக, சற்று உயரத்தில், ஸ்டாண்டில் நிறுத்திய ஒரே ஒரு செல்போன். அதில் பதிவான ஆட்டத்தை மறுநாளுக்குள் நடுவர்கள் கையில் கொடுங்கள்.