யார் கடையில் செல்லும் நம் பணம்?

சம்பளம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிற தொழிலாளிக்கு ஒரே ஒரு கவலைதான் இருக்க வேண்டும். கையில் உள்ளது மாதக் கடைசிவரை வருமா என்பதே அந்தக் கவலை. பெங்களூரில் இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்தப் பணம் இந்தக் கடையில் செல்லுமா?

கள்ள நோட்டைப் பற்றி நாம் பேசவில்லை. உழைத்துச் சம்பாதித்த நல்ல பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஸ்ரீராமபுரத்துச் சந்தில் காய்கறி வாங்கிவிட்டுப் போனை நீட்டினால், "ஜிபே இல்லைங்க, கேஷ் கொடுங்க" என்கிறார் கடைக்காரர். நோட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனால், "எங்கள் ஆப்பில் கட்டினால்தான் தள்ளுபடி" என்கிறார்கள். அடுத்த கடையில் அந்த ஆப் உதவாது, வேறொன்று வேண்டும். இன்னும் சில இடங்களில் ரொக்கத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். ஒரு மாதச் சாமான் வாங்க நான்கு ஆப்பும், நான்கு ரகசிய எண்ணும், பையில் கொஞ்சம் சில்லறையும் வேண்டியிருக்கிறது. மனிதனுக்கு மண்டை ஒன்றுதானே!

நம் சங்கத்துக்கு வந்த புகார் ஒன்றைச் சொல்கிறோம். நம் குடும்பம் ஒன்று பண்டிகைக்காக ஒரு பெரிய கடையில் மகளுக்குப் பாவாடை சட்டை எடுத்தது. அளவு சரியில்லை, திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பணம் வங்கிக் கணக்குக்கும் வரவில்லை, கைக்கும் வரவில்லை. அந்தக் கடையின் சொந்த வாலெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்துக் கொடுங்கள் என்றால், "எங்கள் கடையில்தான் செலவு செய்யலாம், அதுவும் இத்தனை மாதத்துக்குள்" என்று பதில். அந்த வீட்டுக்காரர் செண்ட்ரிங் வேலை செய்கிறவர். அவருடைய இரண்டு நாள் கூலி இன்று ஒரு முதலாளியின் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

இது புதுமை என்று சொல்கிறார்கள். நம் தாத்தாக்களைக் கேட்டால் இது பழைய சங்கதி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் காப்பி ஆலைகளிலும் கம்பெனிப் பெயர் பொறித்த உலோக வில்லைகள் புழங்கின. நாள் வேலைக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் வில்லையைக் கொடுத்தார்கள். ஒரு கம்பெனியின் வில்லைக்கு அந்தக் கம்பெனியின் எல்லைக்குள்தான் மதிப்பு. இங்கிலாந்திலும் அப்படித்தான் நடந்தது. கூலிக்குப் பதில் முதலாளியின் கடையிலேயே சாமான் எடுக்க வைத்த அந்த அநியாயத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1831இல் அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டில் 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், புழக்கத்தில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். 2017இல் அதைத் திருத்தி, வங்கிக் கணக்கிலும் போடலாம் என்றார்கள். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு ஊதியச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொகுப்பைப் பற்றி நமக்கு வேறு சண்டைகள் உண்டு. அவற்றை வேறொரு இதழில் வைத்துக்கொள்வோம். வில்லையைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்ற கொள்கை மட்டும் இன்றும் நிற்கிறது.

கூலியாக வில்லையைக் கொடுக்கக் கூடாது, சரி. கூலியை வாங்கி வெளியே வந்த பிறகு அதை வில்லையாக மாற்றிக்கொள்ளலாமா? இதுதான் நம் கேள்வி.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களே, அப்போது இந்தக் கூத்து வேகம் பிடித்தது. நாம் வங்கி வாசலில் வெயிலில் நின்றோம். அதே வாரத்தில் பேடிஎம் நிறுவனம் பிரதமரின் படத்தைப் போட்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பேடிஎம், மொபிக்விக், ஃப்ரீசார்ஜ் என்று ஆளுக்கொரு வாலெட். ஒன்றில் போட்ட பணம் இன்னொன்றுக்குப் போகாது. பெட்டிக்கடைக் கண்ணாடியில் மூன்று நான்கு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். நம்மிடம் இருப்பது ஐந்தாவதாக இருக்கும்!

இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தது பொது ஏற்பாடுதான் என்பதை மறக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008இல் அமைத்த தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறையைக் கொண்டுவந்தது. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும், எந்த ஆப் வழியாகவும் பணம் போகலாம். பொது ரோட்டைப் போல. இருந்தும் முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 2017 ஜனவரியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி போன்பே வழியாக வந்த கொடுக்கல் வாங்கலைத் தடுத்தது. இரண்டு யானைகள் மோதிக்கொண்டதில் மிதிபட்டது பணம் அனுப்பியவன். கடைசியில் 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது: ஒரு கம்பெனிக்கு மட்டுமே உழைக்கும் கியூ.ஆர். கோடு இனிப் புதிதாக வரக் கூடாது, இருப்பவையும் 2022 மார்ச் 31க்குள் பொதுவாக மாற வேண்டும். இன்று கலாசிபாளையத்து இளநீர் வண்டியில் எந்த ஆப்பைக் காட்டினாலும் வேலை செய்கிறது என்றால், அது முதலாளிகளின் பெருந்தன்மையால் வந்ததா? ஒழுங்குபடுத்த ஒரு கை இருந்ததால் வந்தது.

அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். வால்மார்ட், டார்கெட், பெஸ்ட் பை போன்ற பெரிய கடை முதலாளிகள் சேர்ந்து 'கரண்ட் சி' என்று தங்களுக்கென ஒரு போன் பண முறையை உருவாக்கக் கிளம்பினார்கள். கார்டு கம்பெனிகளுக்குக் கட்டணம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. யார் என்ன வாங்குகிறார்கள் என்ற விவரத்தையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள ஆசை. 2014 அக்டோபரில் அந்தக் கூட்டைச் சேர்ந்த சி.வி.எஸ்., ரைட் எய்டு மருந்துக் கடைகள், ஆப்பிள் கம்பெனியின் போன் பணம் வேலை செய்துகொண்டிருந்த கருவியையே நிறுத்தி வைத்தன. மருந்து வாங்க வந்தவன் போனை வைத்துக்கொண்டு விழித்தான். கரண்ட் சி நாடு முழுவதும் கடைவிரிக்காமலே 2016 ஜூனில் மூடப்பட்டது. அந்த வால்மார்ட்தான் 2018இல் நம் பெங்களூர் ஃப்ளிப்கார்ட்டை வாங்கியது. ஃப்ளிப்கார்ட்டோடு போன்பேயும் அதன் கைக்குப் போனது. இன்றும் போன்பேயில் பெரும்பங்கு வால்மார்ட்டுடையது. சொந்த ஊரில் ஆரம்பித்துத் தோற்றதை அடுத்த ஊரில் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

நாட்டில் நடக்கும் யு.பி.ஐ. பரிமாற்றங்களில் ஏறக்குறைய பத்தில் எட்டு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டே கம்பெனிகளின் ஆப் வழியாகப் போகிறது. ஒரு கம்பெனிக்கு 30 சதவிகிதத்துக்குமேல் கூடாது என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020இல் விதி சொன்னது. அதன் காலக்கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ரோடு பொது. அதில் ஓடும் வண்டி மட்டும் இரண்டு முதலாளிக்குச் சொந்தம்.

யு.பி.ஐ.யில் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து விதி. பிறகு இந்தக் கம்பெனிகளுக்கு என்ன லாபம்? நம் பெட்டிக்கடை அண்ணாச்சியைக் கேளுங்கள். "இத்தனை ரூபாய் வந்தது" என்று கத்துகிற பேசும் பெட்டிக்கு மாத வாடகை. தினமும் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள். தினசரி வசூலிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். மார்க்கெட்டில் சைக்கிளில் வந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போவாரே, அந்தத் தண்டல்காரர் இப்போது போனுக்குள் வந்துவிட்டார்.

அதனால் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். யு.பி.ஐ. வழியாக வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, சரக்கு விற்றவருக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டியவர்களுக்கு வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. காய்கறிக்காரர், பால்காரர், பேக்கரிக்காரர் என்று பலருக்கும் வந்தது. வருமானம் வேறு, விற்றுமுதல் வேறு என்பது மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். காய்கறி, பால் போன்றவற்றுக்கு வரியே கிடையாது. பயந்துபோன கடைக்காரர்கள் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று அட்டை எழுதி மாட்டினார்கள். கடையடைப்புக்கு நாள் குறித்த பிறகுதான் முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசினார்; பிறகு கடையடைப்பு கைவிடப்பட்டது. வரி கட்ட வேண்டியவர்கள் கட்டத்தான் வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் போனில் பணம் வாங்கு என்று பத்து வருடம் ஊக்கப்படுத்திவிட்டு, வாங்கியதையே சாட்சியாக வைத்துச் சின்ன வியாபாரியை மிரட்டினால் அவன் என்ன செய்வான்? அந்த வாரங்களில் ஏ.டி.எம். வரிசையில் நின்றது நம் வீட்டுப் பெண்கள்தான்.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்டுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் போகும் நம் சகோதரிகள் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதுவும் இல்லாதவர்கள் உண்டு. முன்பு மாதம் பிறந்தால் சம்பளம் அவர்கள் கையில் நோட்டாக விழும். இப்போது "கேஷ் இல்லை, வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லு" என்கிறார்கள் வேலை கொடுப்பவர்கள். சொன்னதும் பணம் புருஷன் போனுக்குப் போய்விடுகிறது. அவன் நல்லவனாக இருந்தால் வீட்டுக்கு வரும். மதுக்கடையிலும் ஸ்கேனர் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிற நூறு ரூபாய்தான் நம் தாய்மார்களின் வங்கி. அந்த வங்கியை மூடிவிட்டார்கள். பிள்ளையிடம் பத்து ரூபாயைக் கொடுத்துக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்கிற வீடுகள் நம்முடையவை. தள்ளுபடி முழுவதும் பெரிய போன் வைத்திருக்கிறவனுக்கு, முழு விலை போனில்லாதவளுக்கு என்றால், ஏழையிடம் கூடுதல் விலை வாங்குவதற்கு இது ஒரு நாகரிகமான வழி.

ரொக்கம் கேட்பது பிற்போக்குத்தனம் என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும், கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. நார்வே 2024 அக்டோபரில் அந்த உரிமையைச் சட்டத்தில் இன்னும் இறுக்கியது. இவர்களெல்லாம் போன் இல்லாத ஊர்க்காரர்களா? சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். அங்கே 27 பண முறைகளையும் ஒரே ஸ்டிக்கருக்குள் கொண்டுவர 2018இல் அரசே முன்னின்றது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வழியில் பணம் கொடுத்தோமோ அந்த வழியிலேயே திரும்பி வர வேண்டும். கடையின் வாலெட்டுக்குள் தள்ளக் கூடாது. ரொக்கம் கொடுப்பவருக்கும் போனில் கொடுப்பவருக்கும் விலை ஒன்றாக இருக்க வேண்டும். எந்தக் கடையும் ரூபாய் நோட்டை மறுக்கக் கூடாது என்று கர்நாடக அரசு ஓர் உத்தரவு போட வேண்டும். ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள்: தமிழ், கன்னடம் உட்பட 15 மொழிகளில் தொகை அச்சாகியிருக்கிறது. நம் கையிலிருந்து மாறும்போது அது ஊர் கேட்பதில்லை, மொழி கேட்பதில்லை, எந்தக் கம்பெனி ஆள் என்றும் கேட்பதில்லை.

அதுவரை நம் குடும்பங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாலெட்டில் பணத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். 2024 ஜனவரி 31இல் ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்குத் தடை போட்டபோது எத்தனை பேர் பதறினார்கள் என்று பார்த்தோம். யு.பி.ஐ.யில் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நாம் கேட்காமலே தர வேண்டியது. பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

கடை வாலெட்டில் பணம் மாட்டிக்கொண்டவர்கள் பில்லோடும் போனோடும் ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். விவரத்தைத் தமிழில் சொன்னால் போதும், கன்னடத்தில் மனு எழுதிக் கொடுக்கத் தோழர்கள் இருக்கிறார்கள். இருபது முப்பது மனுக்கள் சேர்ந்ததும் ஒன்றாகக் கொண்டுபோய் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்போம்.