ஒய் ஒன்பது, கே ஒண்ணு!

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் யாரிடமும் கடன் கேட்கப் போகக் கூடாது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கவும் போகக் கூடாது. போனஸ், ஷிப்மென்ட், ஊருக்குப் போகும் பஸ் மூன்றும் ஒரே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. நான் போனேன். பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கும் நண்பன் எனக்கு 500 ரூபாய் தர வேண்டும். ஆறு மாதமாகத் தர வேண்டும்.

ஆபீஸ் வாசலில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். அண்ணன் ஓவர்லாக் டெய்லர், தம்பி செக்கிங். ஜார்க்கண்ட்டில் ராஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மதியம் போன் வந்திருக்கிறது. ரயில் என்றால் ஆலப்புழாவிலிருந்து தன்பாத் போகும் எக்ஸ்பிரஸ்தான். வழியிலேயே இரண்டு ராத்திரி போய்விடும். அதுவும் சத் பூஜை நெருங்கும் சமயம், உட்கார அல்ல, நிற்கவே இடம் கிடைக்காது.

"பிளேன்ல போயிர்றோம்ணா" என்றான் அண்ணன், ஆறு வருஷத் திருப்பூர்த் தமிழில். ரூமில் இருந்த பையன்கள் எல்லாம் சேர்ந்து காசு போட்டு 20,000 ரூபாய் தேறியிருந்தது. டிக்கெட் ஏஜென்ட் சொன்ன கணக்கு, கோயமுத்தூர் டு ராஞ்சி, நடுவில் ஒரு பிளேன் மாறி, ஆளுக்கு 11,800. இரண்டு பேருக்கு 23,600.

"மீதியை நான் தர்றேன்டா, அட்வான்ஸா வெச்சுக்கோ" என்றான் நண்பன்.

"வேணாம்ணா. பழைய அட்வான்ஸே இன்னும் கழியல. தம்பி மட்டும் போகட்டும்."

தம்பி ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவைப் பார்க்க யார் போவது என்பதை 3,600 ரூபாய் முடிவு செய்யப் பார்த்தது.

நண்பன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அவன் அடிக்கடி பையரைப் பார்க்க வெளிநாடு போகிறவன். எக்ஸ்பர்ட்ஃப்ளையர் என்று ஒரு இணைய சேவைக்குச் சந்தா கட்டி வைத்திருக்கிறான். அதில் தேதியும் ஊரும் போட்டதும் சினிமாப் படமெல்லாம் வரவில்லை. எழுத்தும் நம்பருமாக ஒரே வரி: ஒய் 9, பி 9, எம் 4, கே 1, எல் 0...

"கே ஒண்ணு இருக்குடா மாப்ளே!" என்று மேஜையைத் தட்டினான். எனக்கு ஏதோ லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருந்தது.

* * *

அந்த வரிக்கு அர்த்தம் இதுதான். எகானமி என்று ஒரே பெயரில் நாம் உட்காரும் சீட்டுகளுக்கு ஏர்லைன்ஸ்காரன் உள்ளுக்குள் ஒரு டஜன் விலை வைத்திருக்கிறான். ஒவ்வொரு விலைக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒய் என்றால் பொதுவாக முழு விலை. மற்ற எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் இருக்கும் நம்பர், அந்த விலைக்கு இன்னும் எத்தனை டிக்கெட் தருவான் என்பது. 9 என்றால் பெரும்பாலும் 'ஒன்பதோ அதற்கு மேலோ' என்று அர்த்தம். 0 என்றால் கடை மூடியாச்சு. இன்னொன்று, ஒய் 9, எம் 4 என்றால் மொத்தம் பதிமூன்று சீட் என்று கூட்டக் கூடாது. அந்த நாலும் ஒன்பதுக்குள்ளேயே அடக்கம்.

காதர்பேட்டைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே கட்டிங், ஒரே தையல், ஒரே டி-ஷர்ட். பையர் எடுத்தால் டாலர் விலை. ஆர்டர் கேன்சல் ஆனால் அதே சட்டை பிளாட்பாரத்தில் மூட்டையாக, எடை போட்டு விற்கும். விமானத்திலும் ஒரே சாமான், பல விலை. ஒரு வித்தியாசம்தான். நம்ம ஊரில் தேதி தாண்டினால் சரக்கு விலை விழும். அங்கே தேதி நெருங்க நெருங்க விலை ஏறும். ஏனென்றால் கடைசி நாளில் டிக்கெட் கேட்டு வருகிறவன் வேறு வழியில்லாமல் வருகிறான். கல்யாணத்துக்குப் போகிறவன் இரண்டு மாதம் முந்தியே வாங்கிவிடுவான். சாவுக்குப் போகிறவன் அப்படி வாங்க முடியுமா?

இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கென் லிட்டில்வுட். பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் இருந்தவர், வருஷம் 1972. பி.காம். மூளைக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். முழு விலை 9,000, தள்ளுபடி விலை 3,000 என்று வையுங்கள். தள்ளுபடிக்காரன் இன்றைக்கே கையில் காசோடு நிற்கிறான். முழு விலைக்காரன் நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். அவன் வர மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருந்தால் இன்றைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பு. அதற்குக் கீழே என்றால் 3,000-ஐ வாங்கிப் போட்டுக்கொள். அவ்வளவுதான் சூத்திரம்.

1978-ல் அமெரிக்காவில் அரசாங்கம் விமானக் கட்டணத்தின் மேலிருந்த பிடியை விட ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விலைக் கம்பெனி அங்கே சக்கைப்போடு போட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் சில சீட்டுகளை மட்டும் அதே மலிவு விலைக்கு இறக்கி, மற்ற சீட்டுகளைப் பழைய விலைக்கே வைத்துக்கொண்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் இரண்டு வருஷத்தில் காணாமல் போனது. நம் ரயில்வேயும் 2016-ல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இதன் தம்பியைக் கொண்டுவந்தது. 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், பிறகு இன்னும் பத்து என்று ஒரு வரம்பு வரைக்கும் ஏறிக்கொண்டே போகும்.

* * *

சரி, நம் பையன்களுக்கு வருவோம். ஏஜென்ட் 'இரண்டு பேர்' என்று தேடியிருக்கிறார். கே விலையில் ஒரே ஒரு டிக்கெட்தான் பாக்கி. யாரோ கேன்சல் செய்ததாக இருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால், இரண்டு டிக்கெட்டும் ஒரே எழுத்தில் கிடைக்கிற அடுத்த விலைக்குக் கம்ப்யூட்டர் தாவிவிடும். அந்த ஒற்றை மலிவு டிக்கெட்டைப் பற்றி மூச்சுவிடாது. ஏஜென்ட் ஏமாற்றவில்லை. கேட்ட கேள்விக்குக் கம்ப்யூட்டர் சொன்ன பதிலைச் சொன்னார்.

நண்பன் 'ஒருத்தர்' என்று போட்டான். 7,900! வாங்கினான். மறுபடியும் 'ஒருத்தர்' என்று போட்டான். 11,800. அதையும் வாங்கினான். மொத்தம் 19,700.

சந்தா கட்டாத நீங்களும் இதைச் செய்யலாம். குடும்பத்தோடு போகும்போது முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள், அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். தலைக்கு விலை எங்கே தாவுகிறதோ அங்கே ஒரு டப்பா காலி. கூகுளில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் சில எச்சரிக்கைகள். தனித்தனியாக வாங்கினால் நீங்கள் ஒரே குடும்பம் என்று ஏர்லைன்ஸுக்குத் தெரியாது. விமானம் ரத்தானால் ஆளுக்கொரு விமானத்தில் ஏற்றிவிடலாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்போது இந்த விளையாட்டு வேண்டாம். மலிவு எழுத்தில் கேன்சல் செய்தால் திரும்பி வருவது சொற்பம், விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சீட் படத்தில் நிறையக் காலியாகத் தெரிகிறதே என்று காத்திருக்காதீர்கள். அது இன்னும் யாரும் தேர்ந்தெடுக்காத சீட், விற்காத சீட் என்று அர்த்தமில்லை. சில மலிவு விலைக் கம்பெனிகள் இந்த எழுத்துக்களை வெளியே முழுசாகக் காட்டுவதும் இல்லை.

* * *

20,000-ல் டிக்கெட் போக மிச்சம் 300. கோயமுத்தூர் பஸ்ஸுக்கு ஆச்சு. ராஞ்சியில் இறங்கி ஊருக்குப் போக?

நண்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு 500 ரூபாய்த் தாளை எடுத்தான். என்னைப் பார்த்தான். எனக்காக எடுத்து வைத்திருந்த நோட்டு என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இது அட்வான்ஸ் இல்ல, தீபாவளிக் காசு" என்று தம்பியின் பையில் திணித்தான்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, அந்த 500-ஐ வாராக் கடன் என்று மனசுக்குள் எழுதி வைத்தேன். திங்கட்கிழமை நண்பனுக்கு போன் வந்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். தம்பிதான். "வந்துட்டோம்ணா, ரெண்டு பேரையும் அம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சுது" என்றான். அப்புறம் இந்தியில் ஒரு கிழட்டுக் குரல் என்னவோ சொன்னது. எங்கள் இரண்டு பேருக்குமே இந்தி சுத்தமாக வராது.

கணக்கை வரவு வைத்துவிட்டேன்.