ஏழு குண்டுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி வளர்ந்தவர்களுக்குப் பேரிங் வண்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பட்டறை வாசலில் கழித்துப் போட்ட பேரிங் மூன்றைக் கெஞ்சி வாங்கி, பலகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு மாட்டினால் வண்டி ரெடி. அண்ணன் உட்காருவான், நான் தள்ளுவேன். அது போடும் கடகட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அந்த அண்ணனின் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. கையில் ஸ்கேட்போர்டு. “அத்தை, செராமிக் பேரிங் போட்டா போர்டு பறக்குமாம். ஒரு செட் வாங்கித் தாங்களேன்” என்றான். நாலு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு, ஆக எட்டு பேரிங். ஆன்லைனில் ஒரு செட் மலிவாக வந்தது, வாங்கிக் கொடுத்தேன். ஒரு மழைக்குப் பிறகு இரண்டு பேரிங் கரகரத்தது. எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பேரிங்கை வாங்கியதும் விரலால் சுண்டிச் சுற்றிப் பார்க்கவில்லை. மேல் மூடியை ஊசியால் நெம்பினார், உள்ளே இருந்த கேஜைப் பிடுங்கினார், கருப்புக் குண்டுகள் ஏழையும் காகிதத்தில் கொட்டினார். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனதும் ஏழும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. “செராமிக் ஒட்டாதும்மா. இது கருப்பு ஏத்தின ஸ்டீலு.” பையனின் முகம் சுருங்கிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளின் ஆசையை வைத்து இப்படி வியாபாரம் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அசல் செராமிக்காகவே இருந்தால்? சிலிக்கான் நைட்ரைடு குண்டின் எடை, அதே அளவு ஸ்டீல் குண்டின் எடையில் பாதிகூட இருக்காது. கடினமோ ஸ்டீலைப்போல இரு மடங்கு. குண்டு துருப்பிடிக்காது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பு வகை: குண்டு மட்டும்தான் செராமிக், அது உருளும் வளையங்கள் ஸ்டீல். மழையில் அந்த வளையம் துருப்பிடிக்கத்தான் செய்யும். பையன் படிக்கட்டிலிருந்து போர்டோடு குதித்தால், கடினமான குண்டு மென்மையான வளையத்தில் குழி போட்டுவிடும்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஸ்கேட்போர்டில் இருப்பது 608 பேரிங். உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22, அகலம் 7. நல்ல கம்பெனியின் சாதாரண ஸ்டீல் 608 நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை தாங்கும். 52 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குத் தேவை 1,500 சுற்றுதான். நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேவில் 1,000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் உலகத் தங்கம் வென்றார். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்த ஓட்டம் அது. 110 மி.மீ. சக்கரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரியாக 2,000 சுற்றுத்தான் வருகிறது. உலகத் தங்கத்துக்கே அவ்வளவுதான்! போர்டின் வேகத்தைத் தின்பதில் பெரிய பங்கு ரோட்டில் அமுங்கி எழும் சக்கரத்துக்கு. விரலால் சுண்டிவிட்டால் செராமிக் பேரிங் ரொம்ப நேரம் சுற்றும், வாஸ்தவம்தான். உள்ளே கெட்டி கிரீஸ் இல்லாமல் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தால் ஸ்டீலும் அப்படித்தான் சுற்றும். ஆள் ஏறி நின்றபிறகு அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது.

செராமிக் குண்டு அதன் விலைக்கு உழைக்கும் இடம் வேறு. 1995 ஜூலையில் டிஸ்கவரி விண்ணோடத்தின் ஒரு எஞ்சினில் திரவ ஆக்சிஜனைத் தள்ளும் பம்புக்கு சிலிக்கான் நைட்ரைடு குண்டு போட்டு அனுப்பினார்கள். அங்கே கிரீஸ் போட்டால் தீப்பிடிக்கும். நம் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஸ்பிண்டிலில் அதே குண்டு தினமும் சுற்றுகிறது. அந்த வேகத்தில் கனமான குண்டு வெளி வளையத்தை அழுத்திச் சூடேற்றும், லேசான குண்டு அவ்வளவு அழுத்தாது.

ஆனால் கடைக்காரர் பையனைக் கூப்பிட்டுக் காட்டியது இன்னொன்று. மேசையில் பிரித்துக் கிடந்த மோட்டாரின் பேரிங் வளையம், இரண்டாக அறுத்தது. குழல் விளக்குக்கு நேரே திருப்பினார். கண்ணாடிபோல இருக்க வேண்டிய பாதையில், சீப்பின் பல் மாதிரி, சம இடைவெளியில் சாம்பல் நிறக் கோடுகள். “யாரும் கீறலப்பா. கரண்ட் கீறினது.” வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் மாட்டிய மோட்டார் அது. டிரைவ் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டித் தருவதால் ஷாஃப்ட்டில் வோல்டேஜ் தேங்குகிறது. தரைக்கு இறங்க வழி தேடி, குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பொத்துக்கொண்டு பொறியாகப் பாய்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு நுண்ணிய குழி. குழிகள் சேர்ந்து கோடாகும், மோட்டார் ஊளையிடும். செராமிக் குண்டில் கரண்ட் பாயாது. ஷாஃப்ட்டை எர்த் செய்ய பிரஷ் வைப்பதும் உண்டு. செராமிக் மட்டும் போட்டு விட்டுவிட்டால், அதே கரண்ட் மோட்டாரோடு இணைத்த பம்பின் பேரிங்கைத் தேடிப் போகலாம் என்றும் எச்சரித்தார்.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். பையன் வெகுநேரம் கேட்டான். இவரைப் போன்றவர்களின் காதுகள்தான் இந்த எஸ்டேட்டின் சொத்து. அவற்றிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போக நமக்குத்தான் நேரமில்லை.

வீட்டுக்கு வந்ததும் போர்டோடு முதலில் வந்த பழைய ஸ்டீல் பேரிங்குகளைத் தேடி எடுத்தோம். மூடியைக் கழற்றி, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, துணியில் உலர்த்தி, ஆளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். கிண்ணத்தின் அடியில் கருப்பாய் வண்டல் தங்கியது. பையன் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்த காந்தத்தைக் கிண்ணத்துக்கு அடியில் பிடித்தான். பாதி மண் அப்படியே கிடந்தது. மீதி, பேரிங் தேய்ந்த தூளும் எஸ்டேட் ரோட்டில் அள்ளிவந்த இரும்புத் தூளுமாக, முள்முள்ளாக எழுந்து நின்றது.