உணவும் உலர்கண்ணும்

'உணவே மருந்து' என்னும் தொடர் தமிழ் மக்களிடையே பெருவழக்கானது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் பெரும்பகுதி உண்ணும் முறையையே பேசுகிறது. முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ண வலியுறுத்துகிறது. ஆனால், இன்ன பொருளை உண்டால் இன்ன நோய் தீரும் என்ற பட்டியல் அதில் இல்லை. இவ்வேறுபாடு இன்று மறக்கப்படுகிறது. கண் உலர்ந்து உறுத்தினால் மருத்துவரை நாடாமல் மீன் எண்ணெய் மாத்திரையை வாங்கி விழுங்குவோர் பலர். உணவுக்கும் உலர்கண் நோய்க்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு மாத்திரைப் புட்டிக்குள் அடங்குவதன்று.

கண்ணீர் அழும்போது மட்டும் சுரப்பதன்று. விழியின்மேல் அது எந்நேரமும் மெல்லிய படலமாகப் பரவியுள்ளது. விழியை ஒட்டிச் சளிப்பொருளும், அதன்மேல் நீரும், அதற்கும் மேலே எண்ணெயும் அமைந்துள்ளன. இமை விளிம்பில் வரிசையாக உள்ள மெய்போமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய் குறைந்தால் நீர் விரைந்து ஆவியாகிறது. எஞ்சிய கண்ணீரில் உப்பின் செறிவு கூடுகிறது. உப்பளத்தில் நிகழ்வதே சிறிய அளவில் விழியின்மேலும் நிகழ்கிறது எனலாம். அச்செறிவைத் தாங்க இயலாத செல்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அழற்சியோ சளிப்பொருள் சுரக்கும் செல்களைச் சிதைக்கிறது. படலம் மேலும் குலைய, கண் மேலும் உலர்கிறது. கைப்பேசித் திரையை இமைக்க மறந்து நோக்குவதும் இச்சுழற்சியை முடுக்கிவிடும். 2017ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட உலர்கண் வரையறையில் அழற்சிக்கும் இடம் தரப்பட்டிருப்பது இதனால்தான்.

உணவு நுழையும் இடமும் இந்த அழற்சியே. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பல, ஒமேகா-6 வகைக் கொழுப்பு அமிலங்களிலிருந்து உருவாகின்றன. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் மிகுந்துள்ள ஒமேகா-3 வகையோ, அதே நொதிகளுக்காகப் போட்டியிட்டு அழற்சியைத் தணிக்க உதவுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் முதல்வகை மிகுதி. இரண்டாம்வகை இல்லை என்றே கூறலாம். அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்ட பெண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, ஒமேகா-3 மிகுதியாக உண்டோரிடம் உலர்கண் குறைவாக இருந்ததைக் கண்டது. மாத்திரை வணிகத்திற்கு இவ்வளவு போதுமானதாயிற்று.

மீன் உண்போர் பிற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம் அல்லவா? அதனால் நேரடிச் சோதனை தேவைப்பட்டது. உலர்கண் நோயாளர் 535 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 மீன் எண்ணெயும், ஏனையோருக்கு ஆலிவ் எண்ணெயும் ஓராண்டு தரப்பட்டன. 2018இல் வெளியான முடிவின்படி இரு குழுவினருக்கும் துன்பம் ஓரளவு குறைந்தது. குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆலிவ் எண்ணெயும் நலம் தருவதே, எனவே ஒப்பீடு செம்மையானதன்று என வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை முற்றிலும் தள்ள இயலாது. ஆயினும், விலை கொடுத்து வாங்கும் மாத்திரை சமையலறை எண்ணெயை விஞ்சவில்லை என்னும் உண்மை அதனால் மாறிவிடாது. பல்லாண்டு உணவுப் பழக்கம் வேறு. பழைய உணவை மாற்றாமல் அதன்மேல் ஏற்றும் மாத்திரை வேறு.

உணவே நேரடி மருந்தாகும் உலர்கண்ணும் ஒன்று உண்டு. உயிர்ச்சத்து ஏ குறைந்த குழந்தைகளுக்கு முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர் விழிவெண்படலம் வறண்டு, முற்றினால் கருவிழியே உருகிப் பார்வை பறிபோகும். இந்திய அரசு 1970 முதல் குழந்தைகளுக்கு அச்சத்தைச் சொட்டாக வழங்கி வருவது இதைத் தடுக்கவே. முருங்கைக்கீரையின் பெருமை இங்கே முழுவதும் பொருந்தும். இரண்டு நோய்களுக்கும் பெயர் நெருங்கியிருப்பதால், ஒன்றின் தீர்வை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுவது பிழை.

அப்பிழையின் விலை பணம் மட்டுமன்று. கண்ணோடு வாயும் உலர்ந்து, மூட்டுகளும் வலித்தால் அது ஸ்யோக்ரன் நோய்த்தொகுதியாக இருக்கலாம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நிலை அது. குருதிப் பரிசோதனை முதலியவற்றால் கண்டறியத்தக்கது. மீன் எண்ணெயை நம்பி ஓராண்டு காத்திருப்பவர், அந்நோயின் பெயரைக்கூட அறியாமல் அத்தனை நாளும் அதைச் சுமந்து திரிகிறார்.