புயலைப் பாடுவதும் சுமைக்கோட்டை மறப்பதும்

1975 நவம்பர் 10 இரவு, வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 26,000 டன் இரும்புத்தாது ஏற்றிச் சென்ற அக்கப்பலிலிருந்து அபாய அழைப்பு எதுவும் வரவில்லை. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் காலை டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தின் மணி 29 முறை ஒலித்தது. அடுத்த ஆண்டே கார்டன் லைட்ஃபுட் அந்நிகழ்வைப் பாடலாக்கினார். 1995இல் கப்பலின் மணியையே நீரடியிலிருந்து மீட்டனர். ஏரி விபத்தொன்று இத்தனை செழுமையாக நினைவுகூரப்படுவது அரிது.

ஆயினும் அந்நினைவில் புயலுக்குக் கிடைத்த இடம் சுமைக்கோட்டுக்குக் கிடைக்கவில்லை. 1969க்கும் 1973க்கும் இடையே மும்முறை தளர்த்தப்பட்ட விதிகள், அக்கப்பல் முன்னைவிட மூன்றடிக்கும் மேலாக அமிழ்ந்து செல்ல இசைவளித்தன. மூழ்கியதன் காரணம் குறித்து அறிக்கைகள் முரண்படுகின்றன. கடலோரக் காவல்படை சரக்கறை மூடிகளின் வழியே நீர் புகுந்தது என்றது. கப்பல் நிறுவனங்களின் சங்கமோ கப்பல் ஆழமற்ற திட்டில் மோதியிருக்கும் என்றது. எது உண்மையாயினும், நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும் ஏரி அலைக்கும் மேல்தளத்துக்கும் இடையிலிருந்த உயரம் குறைந்திருந்தது. அதனைக் குறைத்தது காற்றன்று.

வேம்பநாட்டுக் காயலில் பாடுவதற்குப் புயல்கூட இல்லை. 2002 ஜூலை 27 அதிகாலை, முஹம்மாவிலிருந்து குமரகம் சென்ற அரசுப் படகு கரையை நெருங்கும் வேளையில் கவிழ்ந்தது. அங்கும் மாண்டவர் 29 பேர். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். விசாரணை ஆணையம் அமர்ந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர்; அங்கும் அளவு மீறிய கூட்டமே.

இந்தியக் கடல்சார் வரலாறு பெருங்கடலை நோக்கியே அமர்ந்திருக்கிறது. மரக்கலங்கள், துறைமுகங்கள், வணிகக் குழுக்கள் என ஆய்வேடுகள் குவிகின்றன; காயல் படகுகளோ செய்தித்தாளுக்கும் ஆணைய அறிக்கைக்கும் விடப்பட்டுள்ளன. அவ்வறிக்கைகளைச் சட்ட ஆவணங்களாக மட்டும் வாசிப்பது போதாது. எத்தனை பேர் ஏறலாம் என்று எவர் வகுத்தார், எவர் எண்ணினார், அடுத்த படகுக்குக் காத்திருக்க இயலாத அவசரம் எவருடையது என்பன சமூக வரலாற்றின் வினாக்கள். தேர்வு மையத்தின் கதவு குறித்த நேரத்தில் மூடப்படும் என்பது, குமரகம் படகில் ஏறியவர்களைப் பொறுத்தவரை, காற்றின் வேகத்தைவிட முதன்மையான தரவு.

முஹம்மா–குமரகம் தடத்தில் இன்றும் படகு ஓடுகிறது.